சால்ட் பகுப்பாய்வு: நேர்மின் அயனியைத் தவறாமல் பிடிக்க

பெயர் தெரியாத ஒரு சால்ட்டில் (உப்பில்) எந்த நேர்மின் அயனி, பெரும்பாலும் எந்த உலோகம், இருக்கிறது என்று சோதனைகளால் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பகுப்பாய்வு. கொடுத்த சால்ட் வெள்ளைத் தூளாக இருந்தால், பாதிப் பேர் அலுமினியமா, துத்தநாகமா, மெக்னீசியமா என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டுத்தான் பன்சன் பர்னரைப் பற்ற வைக்கிறார்கள். அதன் பிறகு சோதனைக் குழாயில் எது கலங்கினாலும் அந்த முடிவுக்குச் சாதகமாகவே தெரியும். தொகுதி அட்டவணையை மனப்பாடம் செய்தவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

தொகுதிப் பிரிப்பின் அடிப்படை எளிது. கரைசல் எந்த அளவு அமிலமாக அல்லது காரமாக இருக்கும்போது எந்த உலோகம் கரையாமல் விழும் என்பதை ஆறு முறை கேட்கிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு கேள்விக்கும் விழும் உலோகங்கள் ஒரு தொகுதி. ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் கரைசல் சரியான நிலையில் இருக்கிறதா என்று லிட்மஸ் தாளால் பார்த்துவிட்டால் தவறுகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தண்ணீரும் அம்மோனியாவும்

முதலில் தண்ணீர். சேலம் வட்டாரத்துப் போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், குளோரைடு மூன்றும் உண்டு. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படலம் அதுதான். அந்தத் தண்ணீரில் சால்ட்டைக் கரைத்தால் ஐந்தாம் தொகுதியும் (கால்சியம்) ஆறாம் தொகுதியும் (மெக்னீசியம்) எல்லா சால்ட்டிலும் 'இருக்கும்'. குழாய்களைப் பிரஷ் போட்டுக் கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். கடைசி இரண்டு அலசல் மட்டும் காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும். அலசிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். பால் போல் கலங்கினால் குழாய் இன்னும் சுத்தமாகவில்லை.

அடுத்தது அம்மோனியா. மாசி, பங்குனி வெயிலில், அதாவது செய்முறைத் தேர்வு நடக்கும் நாட்களில், அடிக்கடி திறந்து மூடும் பாட்டிலிலிருந்து வாயு வெளியேறி அம்மோனியம் ஹைட்ராக்சைடு வலுவிழந்துவிடும். மூன்றாம் தொகுதி (இரும்பு, அலுமினியம், குரோமியம்) வரவே இல்லை என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் குச்சியை பாட்டில் வாயருகே காட்டுங்கள். அடர்த்தியான வெண்புகை வந்தால் பயன்படுத்தலாம், மெல்லிய இழைபோல் வந்தால் மாற்றுங்கள். இன்னொரு கோளாறும் உண்டு. திறந்து கிடந்த அம்மோனியா காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, உள்ளுக்குள் அம்மோனியம் கார்பனேட்டை உண்டாக்கி வைத்திருக்கும். அதை மூன்றாம் தொகுதியில் ஊற்றினால் கால்சியமும் பேரியமும் கார்பனேட்டாக அங்கேயே வெள்ளையாக விழும். மாணவர் 'அலுமினியம்' என்று எழுதிவிடுவார். புதுப் பாட்டிலைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொண்டு, ஈரத் துணியால் மூடியைச் சுற்றி மெதுவாகத் திருகுங்கள். வெயிலில் அடைபட்ட வாயு பீறிட்டு வரும்.

கரைக்கும் முன்பே தெரிவது

நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் பெரும்பாலும் தாமிரம். வெளிர் பச்சை இரும்பாக இருக்கலாம், நல்ல பச்சை நிக்கலாக இருக்கலாம், ரோஜா நிறம் கோபால்ட்டாக இருக்கலாம், மிக மெல்லிய இளஞ்சிவப்பு மாங்கனீசு. இவை குறிப்புகள் மட்டுமே, முடிவுகள் அல்ல.

உலர்ந்த குழாயில் சிட்டிகை சால்ட்டைச் சூடாக்கினால் கிடைப்பது இன்னும் உறுதியானது. சூட்டில் மஞ்சளாகி, ஆறியதும் வெள்ளையாகத் திரும்பினால் துத்தநாகம். படபடவென்று வெடித்துப் பழுப்பு நிறப் புகை விட்டால் லெட் (காரீய) நைட்ரேட்டாக இருக்கலாம். முழுவதும் ஆவியாகிக் குழாயின் மேற்பகுதியில் வெள்ளையாக ஒட்டினால் அம்மோனியம் உப்பு.

அம்மோனியம் அயனியை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். சால்ட்டோடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மெல்லச் சூடாக்குங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி, அமிலக் குச்சியில் வெண்புகை, அம்மோனியாவைக் காட்டும் நெஸ்லர் கரைசலில் பழுப்பு வீழ்படிவு (கரையாமல் விழும் திண்மம்) வந்தால் அம்மோனியம் உறுதி. மூன்றாம் தொகுதியில் நாமே அம்மோனியம் குளோரைடைக் கொட்டிவிடுகிறோம், ஆகவே பிறகு தேடினால் கிடைப்பது நாம் போட்டதுதான்.

சுடர் சோதனைக்குப் பிளாட்டினம் கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, நிறமற்ற சுடரில் காட்டி, மறுபடி தோய்த்து, சுடரில் எந்த நிறமும் வராத வரை செய்யுங்கள். விரல் வியர்வை பட்டாலே சோடியத்தின் பொன்மஞ்சள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கடிகாரக் கண்ணாடியில் சால்ட்டை அதே அமிலத்தில் குழைத்து எடுங்கள். கால்சியம் செங்கல் சிவப்பு, ஒரு கணம் பளிச்சிட்டு மறையும். ஸ்ட்ரான்ஷியம் கருஞ்சிவப்பு, அதைவிடச் சற்று நேரம் நிற்கும். பேரியம் ஆப்பிள் பச்சை, வருவதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். தாமிரம் நீலப்பச்சை. பொட்டாசியத்தின் இளம் ஊதா, கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகத்தான் தெளிவாகத் தெரியும். காரீயம் இருக்குமென்று சந்தேகம் இருந்தால் பிளாட்டினத்தைத் தொடாதீர்கள், கம்பி கெட்டுவிடும். நைக்ரோம் கம்பி போதும்.

மூலக் கரைசல்

ஒரு சிட்டிகையை 2 மில்லி நீரில் போட்டுக் கரைகிறதா என்று முதலில் பாருங்கள். குளிர்ந்த நீர், சுடுநீர், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதையே சூடாக்குவது, கடைசியாக அடர் அமிலம் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். எதில் கரைகிறதோ அதில் அரை கிராம் சால்ட்டுக்கு 10 மில்லி அளவில் கரைசல் தயாரியுங்கள். அதைவிட நீர்த்துப்போனால் வீழ்படிவு கண்ணுக்குத் தெரியாது.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தெளிவாகக் கரைந்து, ஆறிய பிறகும் தெளிவாகவே இருந்தால் முதல் தொகுதி இல்லை என்று அப்போதே எழுதிவிடலாம், தனிச் சோதனை தேவையில்லை. அடர் அமிலத்தில் கரைத்திருந்தால் அதிகப்படி அமிலத்தை ஆவியாக்கி, நீர் சேர்த்து நீர்க்கச் செய்துவிட்டுத்தான் இரண்டாம் தொகுதிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கேட்மியம் விழாமல் தப்பிவிடும்.

முதல் தொகுதி: காரீயம்

2 மில்லி மூலக் கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளை வீழ்படிவு வந்தால் காரீயம், வெள்ளி, மெர்குரஸ் (பாதரசத்தின் ஒரு வகை அயனி) மூன்றில் ஒன்று. சூடாக்கினால் கரைவது காரீயம். அம்மோனியாவில் கரைவது வெள்ளி, அம்மோனியாவில் கருப்பது மெர்குரஸ்.

லெட் குளோரைடு குளிர்ந்த நீரிலும் ஓரளவு கரையும். 100 மில்லியில் ஏறக்குறைய 1 கிராம். அதனால் நீர்த்த கரைசலில், அதுவும் வெப்பமான ஆய்வகத்தில், முதல் தொகுதியில் எதுவும் காட்டாமல் இரண்டாம் தொகுதியில் கருப்பாக எட்டிப் பார்க்கும். குழாயை ஐந்து நிமிடம் பனிக்கட்டி நீரில் வைத்துப் பாருங்கள். ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் இதே கரைசல் மேசையிலேயே ஊசி ஊசியாகப் படிகமாகிவிடும். மாறாக, 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அங்கே வீழ்படிவைக் கரைக்கக் கொஞ்சம் கூடுதல் நீரும் நேரமும் தேவை.

காரீயத்தின் உறுதிச் சோதனை அவசரப்படாமல் பார்க்க வேண்டிய ஒன்று. சூடான தெளிந்த கரைசலில் பொட்டாசியம் அயோடைடு சில சொட்டு விட்டால் மஞ்சள் வீழ்படிவு வரும். கொஞ்சம் நீர் சேர்த்துக் கொதிக்க வைத்தால் மஞ்சள் முழுவதும் மறைந்து கரைசல் நிறமற்றுப்போகும். பிறகு குழாயை ஸ்டாண்டில் வைத்துத் தொடாமல் விடுங்கள். ஆற ஆற, மேலிருந்து தகடு தகடாகப் பொற்படிகங்கள் உருவாகி, திரும்பும்போது ஒளிர்ந்து அணைந்து கீழே இறங்கும். குலுக்கி ஆறவைத்தால் வெறும் மஞ்சள் தூள்தான் மிஞ்சும். பொட்டாசியம் அயோடைடு அதிகமானாலும் வீழ்படிவு மீண்டும் கரைந்துவிடும், ஆகவே சொட்டுகளை எண்ணி விடுங்கள்.

இரண்டாம் தொகுதி: ஹைட்ரஜன் சல்பைடு

2 மில்லி கரைசலுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஐந்தாறு சொட்டு சேர்த்து, நீல லிட்மஸ் சிவப்பாவதைப் பார்த்து, சூடாக்கி, ஹைட்ரஜன் சல்பைடு தரும் கிப்ஸ் கருவியிலிருந்து வாயுவை அரை நிமிடம் செலுத்துங்கள். அமிலம் இருப்பதால் சல்பைடு அயனி மிகக் குறைவாகவே கிடைக்கும். அந்தக் குறைந்த அளவிலேயே விழுந்துவிடும் அளவுக்குக் கரையாத சல்பைடுகள் மட்டும் இங்கே பிடிபடும்: தாமிரமும் காரீயமும் கருப்பு, கேட்மியம் மஞ்சள், ஆர்செனிக் மஞ்சள், ஆன்டிமனி ஆரஞ்சு. அமிலம் குறைந்தால் துத்தநாகம் இங்கேயே வந்துவிடும், கூடினால் கேட்மியம் வராது.

வெளிர் மஞ்சளாகக் கலங்கி, வடிகட்டினாலும் தாளில் நிற்காமல் இறங்கினால் அது கந்தகம். நைட்ரிக் அமிலமோ பெர்ரிக் இரும்போ (மூன்று நேர்மின்சுமை கொண்ட இரும்பு; இரண்டு கொண்டது பெர்ரஸ்) இருந்தால் அவை வாயுவை ஆக்சிஜனேற்றி கந்தகத்தைப் பிரிக்கும். அதைக் கேட்மியம் என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. கேட்மியம் சல்பைடு பளிச்சென்ற மஞ்சளில், திரள் திரளாக இருக்கும்.

கருப்பு வீழ்படிவை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அம்மோனியாவை மிகையாக ஊற்றுங்கள். ஆழ்ந்த நீலம் வந்தால் தாமிரம். அசிட்டிக் அமிலத்தால் அமிலமாக்கிப் பொட்டாசியம் பெர்ரோசயனைடு விட்டால் சாக்லேட் பழுப்பு வீழ்படிவு வர வேண்டும்.

ஹைட்ரஜன் சல்பைடு விஷம். அழுகிய முட்டை நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்ப வேண்டாம், வாயு கூடும்போது மூக்கு மரத்துவிடும். வாயுவை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள் மட்டுமே செலுத்துங்கள்.

மூன்றாம் தொகுதி: இங்கேதான் அதிகம் தவறுகிறது

இரண்டாம் தொகுதி இல்லையென்றால், அதே கரைசலைக் கொதிக்க வைத்து வாயுவை முற்றிலும் விரட்டுங்கள். லெட் அசிடேட் தாளைக் குழாயின் வாயருகே காட்டினால் கருக்கக் கூடாது. மிச்சம் இருந்தால் அம்மோனியா சேர்த்ததும் நான்காம் தொகுதி சல்பைடுகள் இங்கேயே விழும். பிறகு அடர் நைட்ரிக் அமிலம் இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கொதிக்கவிடுங்கள். வாயு பெர்ரிக்கைப் பெர்ரஸாகக் குறைத்திருக்கும், அதை மீண்டும் பெர்ரிக்காக மாற்றத்தான் இது. அம்மோனியம் குளோரைடு இருக்கும்போது பெர்ரஸ் ஹைட்ராக்சைடு முழுமையாக விழாது.

ஆறியதும் திண்ம அம்மோனியம் குளோரைடு ஒரு ஸ்பாட்டுலா நிறைய. கரைந்த பிறகு அம்மோனியா, நெடி நிற்கும் வரை. வரிசையை மாற்றாதீர்கள். அம்மோனியம் குளோரைடு அம்மோனியாவின் காரத்தன்மையை அமுக்கி வைக்கிறது. அந்தக் குறைந்த ஹைட்ராக்சைடு அளவில் இரும்பும் அலுமினியமும் குரோமியமும் விழும், மெக்னீசியமும் மாங்கனீசும் கரைசலிலேயே நிற்கும். அம்மோனியாவை முதலில் விட்டால் மெக்னீசியம் வெள்ளையாக விழுந்து அலுமினியமாக வேஷம் போடும்.

செம்பழுப்பு வீழ்படிவு இரும்பு, அழுக்குப் பச்சை குரோமியம், வெள்ளை அலுமினியம். அலுமினியம் ஹைட்ராக்சைடு தூளாகப் படியாது. வெந்த ஜவ்வரிசி போல் பாதி ஒளி ஊடுருவும் கூழாக, குழாயைச் சாய்த்தால் மெல்ல அசையும். ஒளிக்கு எதிராகப் பிடித்துப் பார்க்காவிட்டால் 'எதுவும் இல்லை' என்று தவறவிடுவது எளிது. ஒரு நிமிடம் சூடாக்கினால் திரண்டு கண்ணுக்குத் தெரியும்.

உறுதிக்கு லேக் சோதனையை நம்பலாம். வீழ்படிவைக் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, நீல லிட்மஸ் கரைசல் இரண்டு சொட்டு. கரைசல் சிவப்பாகும். இப்போது அம்மோனியாவைக் குழாயின் ஓரமாக, சொட்டுச் சொட்டாக, குலுக்காமல் விடுங்கள். நிறமற்ற நீரில் நீலத் திரள் மிதக்க வேண்டும். நீர் முழுவதும் நீலமாகிவிட்டால் லிட்மஸ் அதிகம், திரும்பச் செய்யுங்கள்.

இரும்புக்குப் பொட்டாசியம் தயோசயனேட் ரத்தச் சிவப்பைத் தரும். இது மிகவும் கூர்மையான சோதனை என்பதே இதன் தொல்லை. மஞ்சளாக இருக்கும் மலிவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்பு கலந்திருக்கும், அதுவே இளஞ்சிவப்பைக் காட்டிவிடும். சால்ட் இல்லாமல் அமிலத்தை மட்டும் வைத்து ஒரு வெற்றுச் சோதனை செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சோதனைப் பட்டியலில் பலரும் தவிர்க்கும் படி இது. எங்கள் கணிப்பில் இதைவிடப் பயனுள்ள படி வேறில்லை.

சால்ட் பாஸ்பேட்டாக இருந்தால் எச்சரிக்கை. கால்சியம் பாஸ்பேட் கார ஊடகத்தில் வெள்ளையாக மூன்றாம் தொகுதியிலேயே விழும். சால்ட்டின் மறுபாதியான எதிர்மின் அயனியை முதலில் முடித்துக்கொண்டால் இதில் சிக்க மாட்டீர்கள்.

நான்கு, ஐந்து, ஆறு

அம்மோனியா கலந்த அதே கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தினால் துத்தநாகம் வெள்ளை, மாங்கனீசு மாமிச நிறம், நிக்கலும் கோபால்ட்டும் கருப்பு. துத்தநாகத்துக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு: வெள்ளை விழுந்து, மிகையில் கரையும். அலுமினியமும் இதையே செய்யும், ஆகவே பெர்ரோசயனைடால் நீலவெள்ளை வீழ்படிவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். நிக்கலுக்கு டைமெத்தில் கிளையாக்சைம், ரோஜா சிவப்பு.

ஐந்தாம் தொகுதியில் அம்மோனியம் கார்பனேட்டைச் சேர்த்து வெதுவெதுப்பாக, 60 டிகிரிக்கு மேல் போகாமல் வையுங்கள். கொதித்தால் கார்பனேட் சிதைந்து போய்விடும். வெள்ளை வீழ்படிவை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து மூன்று பங்காகப் பிரித்து, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் என்ற வரிசையில் மட்டும் சோதியுங்கள். பொட்டாசியம் குரோமேட்டுக்கு மஞ்சள் என்றால் பேரியம், அங்கேயே நிறுத்துங்கள். இல்லையென்றால் அம்மோனியம் சல்பேட்டுக்கு வெள்ளை ஸ்ட்ரான்ஷியம். அதுவும் இல்லையென்றால் அம்மோனியம் ஆக்சலேட்டுக்கு வெள்ளை கால்சியம். ஆக்சலேட்டை முதலில் ஊற்றினால் மூன்றுமே வெள்ளையாக விழக்கூடும்.

மெக்னீசியத்துக்குப் புதிய மூலக் கரைசலை எடுங்கள். பழைய கரைசலில் சேர்ந்துபோன அம்மோனியம் உப்புகள் வீழ்படிவைத் தாமதப்படுத்தும். அம்மோனியம் குளோரைடு, அம்மோனியா, பிறகு டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். உடனே வராது. கண்ணாடிக் குச்சியால் குழாயின் உட்சுவரைக் கீறி, பத்து நிமிடம் விடுங்கள். கீறிய கோட்டிலேயே வெள்ளைப் படிகம் பிடிப்பதைப் பார்க்கலாம்.

காரீயம், கேட்மியம், ஆர்செனிக், பேரியம் கரைசல்களை சிங்க்கில் ஊற்றாமல் பெயர் எழுதிய தனி ஜாடியில் சேர்த்து வையுங்கள்.

சேலத்துக் கற்களில் பழக

பாட்டில் சால்ட்டுக்கு அப்பால் பழக, இந்த மாவட்டம் வசதியானது. சேலம் நகருக்கும் சேர்வராயன் மலையடிவாரத்துக்கும் இடையே வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் கிடைக்கிறது. அதன் பெயரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையம் உண்டு. சங்ககிரியில் சுண்ணாம்புக்கல். சேர்வராயன் உச்சிகளில் பாக்சைட். கஞ்சமலையில் காந்த இரும்புக்கல். சுரங்க எல்லைக்குள் போகாமல், அனுமதியோடு கிடைக்கும் துண்டு ஒன்று போதும்.

வெள்ளைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் பிரிக்க, இரண்டையும் பொடித்துக் குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். வெள்ளைக்கல் சும்மா கிடந்து, சூடாக்கியதும்தான் பொங்கும். கரையாத சிலிக்காவை வடிகட்டி எறிந்து, வடிநீரை மூன்றாம் தொகுதியிலிருந்து தொடங்குங்கள். வெள்ளைக்கல்லில் கொஞ்சம் செம்பழுப்பு இரும்பும் ஐந்தாம் தொகுதியில் லேசான கால்சியக் கலங்கலும் வரலாம். இயற்கைக் கல்லில் அது இயல்பு. அவற்றை முழுவதும் வடிகட்டி நீக்கிய பிறகே மெக்னீசியத்துக்குப் போங்கள், இல்லாவிட்டால் கால்சியம் பாஸ்பேட் விழுந்து ஏமாற்றும்.

பாக்சைட் நீர்த்த அமிலத்துக்கு எளிதில் மசியாது. நுண்ணிய பொடி அரை கிராமை 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 10 மில்லியில், சுடுநீர்த் தொட்டியில் 20 நிமிடம் வையுங்கள். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது, சூடான காரம் கண்ணில் தெறித்தால் அமிலத்தைவிட மோசம். அலுமினியம் கரைசலுக்குப் போகும், சிவப்பு இரும்பு அடியில் நிற்கும். வடிநீரில் திண்ம அம்மோனியம் குளோரைடு போட்டுக் கொதிக்க வைத்தால் வெள்ளைக் கூழ் வரும். அதில் சிலிக்காவும் சேர்ந்திருக்கலாம் என்பதால் லேக் சோதனை இல்லாமல் அலுமினியம் என்று எழுத வேண்டாம்.

கஞ்சமலைக் கல்லை உடைத்துக் காந்தத்தால் கருந்துகள்களை மட்டும் பொறுக்கி எடுங்கள், வெண்மையாக மிஞ்சுவது குவார்ட்ஸ். துகள்களை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் புகைக்கூண்டுக்குள் சூடாக்கினால் மெல்ல மஞ்சளாகக் கரையும். நீர்க்கச் செய்து உடனே இரண்டு பங்காக்குங்கள். ஒன்றில் தயோசயனேட் விட்டால் ரத்தச் சிவப்பு, பெர்ரிக் இருக்கிறது. மற்றதில் புதிதாகக் கரைத்த பொட்டாசியம் பெர்ரிசயனைடு விட்டால் அடர்நீலம், பெர்ரஸும் இருக்கிறது. மேக்னடைட்டில் இரண்டு வகை இரும்பும் உண்டு. கரைசலை வைத்திருந்தால் காற்று பட்டுப் பெர்ரஸ் மெல்லக் குறையும், ஆகவே உடனே சோதியுங்கள்.